கோழிக்கும் கோத்திரம்

இப்போது நாட்டுக்கோழிக்கு நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அதன் படம் வருகிறது. நகரத்து ஓட்டலில் அதன் குழம்புக்குத் தனி விலை. மாவட்டத்துக்கு மாவட்டம் சேவல் கண்காட்சி. கிளிமூக்கு, விசிறிவால் என்று பேர் எழுதிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். ஒரு சேவலை லட்ச ரூபாய்க்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை என்று மீசையை நீவிக்கொண்டு சொல்கிறார்கள். கறியைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் அங்கே பேச்சு குறைவு. பேச்செல்லாம் 'வழி'யைப் பற்றித்தான். யார் வீட்டுத் தரையில் பிறந்தது? தகப்பன் எது, தாய் எது? கலப்பு உண்டா? "சுத்தமான ரத்தம் சார்" என்கிறார் ஒருவர். இந்தப் பேச்சை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம். கல்யாணத் தரகர் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறோம். சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பிள்ளைகளைத் தேடி அரிவாளோடு வண்டி ஏறுகிறவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறோம்.

கோழிக்கும் கோத்திரம் வந்துவிட்டது தோழர்களே.

நாட்டுக்கோழி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறி, சொந்தக் கால் தாங்காமல் உட்கார்ந்துபோகும் பிராய்லருக்கு வக்காலத்து வாங்குகிற ஆசையும் எனக்கில்லை. என் கேள்வியெல்லாம் இந்தப் 'பாரம்பரியம்' என்கிற சொல்லுக்குள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான்.

பாரம்பரியம் பேசுகிறவர்கள் தங்கள் பாரம்பரியத்தின் சட்டப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். மனுதர்மத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் சிரார்த்தச் சாப்பாட்டுக்கு விதி சொல்கிற இடத்தில் ஒரு பட்டியல் வருகிறது. பார்ப்பனர் சாப்பிடும்போது யார் யார் பார்வை படக்கூடாது என்கிற பட்டியல். சண்டாளன், ஊர்ப்பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண், ஆணுமற்ற பெண்ணுமற்றவர் என்று அது போகிறது. தீட்டு எப்படி ஏறும் என்றும் விளக்கம் இருக்கிறது. பன்றி மோந்தால் ஏறும், சேவல் இறக்கை அடித்த காற்று பட்டால் ஏறும், நாய் பார்த்தால் ஏறும், கீழ்ச்சாதிக்காரன் தொட்டால் ஏறும். ஐந்தாம் அத்தியாயத்தில், தெரிந்தே ஊர்க்கோழி தின்ற இருபிறப்பாளன் தன் நிலையிலிருந்து விழுகிறான். ஊர்க்கோழி என்று குறித்தே சொல்கிறது நூல். அதாவது மனுசர் வாசலில் குப்பை கிளறும் கோழி.

ஆக, நம்மையும் சேவலையும் ஒரே வரிசையில் நிறுத்தியது அந்தச் சட்டம். அந்த வரிசையிலிருந்து சேவலை மட்டும் கை கொடுத்துத் தூக்கிக் கண்காட்சி மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

இது ஏதோ பழைய புராணம் என்று தள்ளவும் முடியாது. 1950-ல் சென்னை மாகாணத்தில் கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடைச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு தூங்கிய அந்தச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் தட்டி எழுப்பி அமல்படுத்தச் சொன்னார்கள். முனியனுக்கும் காத்தவராயனுக்கும் சேவல் அறுக்கிறவன் குற்றவாளி ஆனான். எதிர்ப்பு வலுத்து, 2004-ல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். அன்றைக்குச் 'சேவல் எங்கள் பண்பாடு' என்று இந்தக் கண்காட்சிக்காரர்களில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்?

சரி, சேரிக்கும் கோழிக்கும் இந்த உறவு எப்படி வந்தது? பாசத்தால் வந்ததில்லை. வேறு எதையும் வைத்துக்கொள்ள விடாததால் வந்தது.

எங்கள் பக்கம் பழைய தென்னார்க்காடு. எங்க ஆயா சொல்லும்: "மாடு வாங்குனா கட்டறதுக்குத் தரை வேணும். தரை யாருது? ஆடு வாங்குனா மேய்க்கக் கரம்பு வேணும். கரம்பு யாருது? கோழிக்கு ஒரு கொடாப்பு போதுண்டா." பஞ்சமி நிலம் என்று 1892 அரசாணையில் தொடங்கி நம் பேருக்கு எழுதப்பட்ட ஏக்கரெல்லாம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலம் இல்லாத வீட்டில், நிலம் கேட்காமல் வளர்கிற ஒரே உயிர் கோழி. சிந்திய நெல், புழு பூச்சி, சோறு கழுவின தண்ணீர், இவை போதும் அதற்கு.

அந்தக் கோழியும் முழுசாக ஆயாவுடையது இல்லை. ஆண்டை வீட்டம்மா ஒரு வெடைக்கோழியைக் கொடுத்து "வாரத்துக்கு வளத்துக் குடுடி" என்பாள். அடை வைக்கிறது ஆயா. இருபத்தொரு நாள் பூனை, கீரி, எலி எல்லாவற்றிலிருந்தும் காவல் காக்கிறது ஆயா. பொரித்த குஞ்சைப் பருந்து தூக்காமல் பார்க்கிறது ஆயா. வளர்ந்ததும் பாதி அந்த வீட்டுக்கு. பாதி என்றால் எண்ணிக்கையில் பாதி. எது எடை கண்டதோ, எது கொண்டை சிவந்ததோ அதெல்லாம் அவர்கள் பாதியில் போகும். ஒரு வருசம் கழிச்சல் வந்து எல்லாம் தலை தொங்கிப் போச்சு. செத்ததுக்கும் கணக்கு கேட்டார்கள். ஆறு நாள் கூலியில்லாமல் களை எடுத்துக் கழித்தது ஆயா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயா கையால் வளர்ந்த கோழி அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போகும். ஆயா எடுத்துக் கொடுத்த முட்டை அந்த வீட்டுப் பிள்ளை வாய்க்குள் போகும். ஆயா ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தால் மட்டும் ஆகாது.

ஊர்க்காரர் களத்தில் நெல் காய்ந்தால் சேரிக்கோழியைக் கட்டிப்போட வேண்டும். தப்பிப் போய் வாய் வைத்தால் கல் பறக்கும். கோழிக்குக் கால் ஒடியும், வளர்த்தவளுக்குப் பரம்பரையே நாறும்படி வசவு கிடைக்கும். அதிகாரி யாராவது 'கேம்ப்' வந்தால் கோழி பிடிக்கத் தலையாரி எங்கள் தெருவுக்குள்தான் வருவான். அதற்கு விலை கொடுத்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இத்தனையும் போக மிஞ்சியதில்தான் என் மாமா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டினார். அது இரண்டு சேவல். என் அம்மாவின் மூக்குத்தி நாலு பெட்டை.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1692-ல் ஒரு சட்டம் போட்டு அடிமைகளிடம் இருந்த குதிரை, மாடு, பன்றி எல்லாவற்றையும் எசமான்கள் எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். கோழியை அதில் சேர்க்கவில்லை. பெருமை இல்லாத உயிர், அதனால் விட்டுவிட்டார்கள். 1798-ல் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குப் போன நியெம்செவிச் என்கிற போலந்து எழுத்தாளர், அங்கிருந்த கறுப்பின அடிமைகளின் குடிசையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வாசலில் ஐந்தாறு பெட்டைக்கோழிகள், பின்னாலேயே குஞ்சுகள். வாத்தும் பன்றியும் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, கோழிக்கு மட்டும் உண்டு. அந்தக் கோழியை நகரத்தில் விற்றுத்தான் அவர்கள் கையில் நாலு காசு பார்த்தார்கள். சுதந்திர நாட்டின் முதல் ஜனாதிபதி வீட்டுக் கொல்லையில் இது நடந்தது. எங்க ஆயா அந்தப் பெண்களைப் பார்த்திருந்தால் பாஷை தெரியாமலே பேசிப் பழகியிருக்கும்.

இப்போது அறிவு என்கிற விசயத்துக்கு வருகிறேன். கோழி வளர்ப்புக் கையேடுகளில் ஒரு படம் போட்டிருப்பார்கள். பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, மட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்குக் காசில்லாத புரதம். தலைப்பு 'குறைந்த செலவில் தீவன உற்பத்தித் தொழில்நுட்பம்'. இதைச் சேரிப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் எத்தனை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்! அவர்கள் செய்தால் அது பழக்கம். கையேட்டில் அச்சானால் தொழில்நுட்பம். அடையில் ஒழுங்காக உட்காராத பெட்டையைச் சந்தைக்கு அனுப்புவது, குஞ்சுக்காகப் பருந்தோடு மல்லுக்கு நிற்கும் பெட்டையைப் பட்டினி கிடந்தாலும் விற்காமல் வைத்துக்கொள்வது, தண்ணீரில் முட்டையைப் போட்டுக் கூமுட்டையைக் கழிப்பது, இதெல்லாம்தான் இனத் தேர்வு. வருசத்துக்கு ஐம்பது அறுபது முட்டைதான் இடும் என்று புத்தகம் படித்தவர்கள் கேலி செய்த கோழி அது. லெகான் வந்தபோதும் பிராய்லர் வந்தபோதும் அதைக் கைவிடாமல் வைத்திருந்தது யார்? அதை வாங்கிப்போட வேறு வழியில்லாத பெண்கள். இன்றைக்குப் பேட்டியில் உட்கார்ந்து 'அழிவிலிருந்து மீட்டெடுத்தேன்' என்கிற பண்ணை முதலாளி, முதல் ஜோடியை எந்தத் தெருவில் எந்தக் கிழவியிடம் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்தக் கிழவிகள் யாரும் ஒரு பெட்டையை எந்தச் சேவல் மிதித்தது என்று விசாரித்ததில்லை. மேலத்தெருச் சேவலும் வரும், கீழத்தெருச் சேவலும் வரும். பொரித்தது பிழைத்ததா என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில்தான் சுத்த ரத்தக்காரர்களோடு நேராக மோத வேண்டியிருக்கிறது.

'அசில்' என்று சொல்கிறார்களே, அது அரபு மூலம். அசலானது, நல்ல குலத்தில் பிறந்தது என்று அர்த்தம். நாம் புழங்கும் 'அசல்' அதே வேரில் வந்ததுதான். இந்த அசில் சேவல்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கார்ன்வால் பகுதியில் அங்குள்ள சண்டைக்கோழிகளோடு சேர்த்து ஓர் இனம் உண்டாக்கினார்கள். அதற்கு முதலில் வைத்த பெயரே 'இண்டியன் கேம்'. பிறகு கார்னிஷ் ஆனது. 1948-ல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். நெஞ்சுக்கறி பெருத்த கோழி வேண்டும் என்பது நோக்கம். ஜெயித்தது கார்னிஷ் கலப்பு. அன்றிலிருந்து உலகத்து பிராய்லரின் ஆண்வழி கார்னிஷ்தான். ஆக, பல்லடத்துக் கொட்டகையில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிற பிராய்லரின் அந்தப் பெருத்த நெஞ்சில் அசிலின் ரத்தம் ஓடுகிறது. கண்காட்சி மேடையில் நிற்கும் சேவலும் அதுவும் பங்காளிகள்! எது சுதேசி, எது அந்நியம்?

இன்னும் பின்னால் போனாலும் சுத்தம் கிடைக்காது. சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வீட்டுக்கோழி வந்தது என்பது தெரிந்த செய்தி. தென்கிழக்கு ஆசியப் பக்கம், நெல்லும் தினையும் விளைந்த இடத்தில், தானியத்தைத் தேடி வந்த பறவை மூவாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்று 2022-ல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கோழியின் மஞ்சள் கால், மஞ்சள் தோல் இருக்கிறதே, அது சிவப்புக் காட்டுக்கோழியின் சொத்து இல்லை. நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது என்று 2008-ல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். அதாவது கோழி என்பதே சாதி மாறிக் கலந்ததன் விளைவு. உலகம் முழுக்க மஞ்சள் கால் கோழியெல்லாம் அந்தக் கலப்பின் வாரிசு.

அப்படியானால் இந்த 'தூய இனம்' என்பது எங்கே பிறந்தது? அதற்கும் தேதி உண்டு. 1835-ல் இங்கிலாந்தில் சேவல் சண்டையைத் தடை செய்தார்கள். சண்டை போனதும் கண்காட்சி வந்தது. 1845-ல் லண்டனில், 1849-ல் அமெரிக்காவின் பாஸ்டனில். கொண்டை எத்தனை பல், இறகில் எத்தனை கோடு என்று அளக்க ஆரம்பித்தார்கள். 1874-ல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் ஒவ்வோர் இனத்துக்கும் லட்சணப் புத்தகம் அச்சிட்டது. இதோடு நின்றிருந்தால் பெரிய மனுசர் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். சார்லஸ் டேவன்போர்ட் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1906-ல் கோழிகளின் மரபுக்கூறு பற்றி நூல் எழுதினார். கொண்டையும் இறகும் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி. அதே ஆள் 1910-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மனித இன மேம்பாட்டுக்கான பதிவகம் தொடங்கினார். கோழிக்குப் போட்ட கணக்கை மனிதர்களுக்குப் போட்டார். ஏழைகளும் மனநோயாளிகளும் குடியேறிகளும் 'தரம் குறைந்த இனம்' ஆனார்கள். கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கும் குடியேற்றத் தடைக்கும் அந்தப் பதிவகம் வாதம் தயாரித்துக் கொடுத்தது. கோழிக்கூண்டிலிருந்து மனிதக் கூண்டுக்கு நாலே வருசம்.

சாதி என்பது ரத்தத் தூய்மையைக் காக்கிற ஏற்பாடு என்று இங்கே வாதாடியவர்களுக்கு 1936-லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். கலப்பில்லாத இனம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று காட்டினார். மனிதரைப் பற்றிப் பேசும்போது அந்த வாதத்தைச் சொல்ல இப்போது கொஞ்சம் கூசுகிறார்கள், அல்லது போலீஸ் வழக்குக்குப் பயப்படுகிறார்கள். அதைக் கோழியின் மேல் ஏற்றிச் சொன்னால் பசுமை, மரபு, இயற்கை என்று கைதட்டல் கிடைக்கிறது. 2017 தை மாதத்து ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டைச் சுற்றி ஓடிய அதே பேச்சுதான். அந்த மாட்டின் தோலை உரித்தவனும் கறியைத் தின்றவனும் மட்டும் அந்த மரபில் வர மாட்டான்.

நம் மண்ணில் சேவலுக்கு மரியாதை செய்த காலம் ஒன்று இருந்தது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. வீரனுக்கு நட்ட கல் இல்லை, சேவலுக்கு நட்டது. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருசப் பழசு. முகையூர் மேற்சேரிக்காகப் பொருது மாண்ட கோழி என்று எழுதியிருக்கிறது. இந்தளூரில் இன்னொரு கல். அது கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் பொற்கொற்றி என்று பேரே இருக்கிறது. அப்போது சேரி என்றால் குடியிருப்பு என்றுதான் பொருள். இன்றைய சேரியை அந்தக் கல்லில் ஒட்டவைத்து ஆண்ட பரம்பரை எழுதுகிற வேலை எனக்கு வேண்டாம், அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கவனிப்பது, அந்தச் சேவலுக்குக் கல்லில் கொடுத்த அடையாளம் என்ன என்பது. தகப்பன் பேர் இல்லை, வழி இல்லை. எந்தச் சேரியில் வளர்ந்தது என்பதும், என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும்தான் இருக்கிறது. வளர்த்த இடத்தை மறைக்காத கல் அது.

இன்றைக்கு வளர்த்த இடத்துக்கு என்ன கிடைக்கிறது? மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவில் பில், பிலாலா பழங்குடியினர் வளர்த்து வந்த கோழி கடக்நாத். தோல், கறி, எலும்பு எல்லாம் கறுப்பு. 2018-ல் அதன் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பம் போட்டது ஓர் அறக்கட்டளை. சத்தீஸ்கரின் தந்தேவாடா எங்களுக்கும் என்று போட்டிக்கு வந்தது. பேரைக் காக்கிறது குறியீடு, குஞ்சைக் காக்காது. இந்தியா முழுக்கப் பண்ணைக்காரர்கள் பெட்டி பெட்டியாகப் பொரிக்கிறார்கள். 2019-ல் மகாராஷ்டிரத்தில் இதே கோழியைக் காட்டி முதலீடு வாங்கி ஏமாற்றிய வழக்கு வெடித்தது. நமக்கு 2012-ல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழி மோசடி ஞாபகம் இருக்கும். இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கோழி கறுப்பாக இருந்தால் இந்த நாட்டில் கூடுதல் விலை. பெண் கறுப்பாக இருந்தால் கூடுதல் வரதட்சணை.

நாட்டுக்கோழியின் ருசி என்று எழுதுகிறார்களே, அது ரத்தத்திலிருந்து வரவில்லை. மெதுவாக வளர்ந்து, நாள் பூரா நடந்து, கிளறித் தின்ற சதையின் ருசி அது. நடக்க இடம் வேண்டும். எங்கள் காலனியில் வீட்டுக்கு மூணு சென்ட். சுற்றியிருந்த புறம்போக்கை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். பாரம்பரியக் கோழியைக் காக்க வேண்டும் என்று உண்மையாக நினைக்கிறவர்கள் முதலில் அந்த வேலியைப் பற்றிப் பேசட்டும். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசட்டும். பேச மாட்டார்கள்.

கடைசியாக வெள்ளைக்கழிச்சல். 1920களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறிந்த நோய். இங்கே 1928-ல் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் கண்டதால் அந்த ஊர்ப் பேர். சேரியில் ஒரு பெண்ணின் சேமிப்பை ஒரே வாரத்தில் துடைத்துப் போடுகிற சீக்கு இதுதான். தடுப்பூசி இருக்கிறது, விலையும் பெரிசில்லை. கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாமும் நடத்துகிறது. எங்கள் பக்கம் அந்த முகாம் காலை பத்து மணிக்கு, ஊர்க் கோயில் திடலில். கோழி கூட்டை விட்டு விடியற்காலையிலேயே இறங்கிவிடும், அதற்கப்புறம் பிடிக்க முடியாது. பெண்கள் ஏழு மணிக்கெல்லாம் நடவுக்கும் சூளைக்கும் போய்விடுவார்கள். அந்தத் திடலுக்குள் எங்கள் பெண்கள் கூடையோடு போய் நிற்பது எப்படிப்பட்ட விசயம் என்பது அந்த ஆபீசில் உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. சேரிக்கு வாருங்கள், கோழி கூடு அடைகிற நேரத்தில் வாருங்கள் என்று நாற்பத்திரண்டு பெண்கள் கைநாட்டும் கையெழுத்துமாக மனு எழுதிக் கொடுத்தோம். ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. அடுத்த பிப்ரவரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காலை பத்து மணி, கோயில் திடல். இந்த முறை மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம், கோழியையும் கூடையில் போட்டுக்கொண்டு.